எல்லப்பன் பேர் உள்ள கேஸ்கள்

டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு ஜெயம்மாளைத் தேர்ந்தெடுத்தவர்களே அவளை வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். எழுதின மகராசன் காரணத்தையும் எழுதித் தொலைத்திருக்கலாம். 'நிர்வாகக் காரணங்களால் தங்களை நியமிக்க இயலவில்லை' என்பதோடு கடிதம் முடிந்துவிட்டது. நிர்வாகம் யார், அதற்கு என்ன கஷ்டம் என்பதெல்லாம் படிக்கிறவர் யோசித்துக்கொள்ள வேண்டியது.

புங்கேரிப்பாக்கத்துக் காலனியிலிருந்து அரசாங்க வேலைக்கு மனுப்போட்ட முதல் பெண் அவள். தினமும் உத்திரமேரூருக்கு நடந்து போய்ப் படித்தாள், டைப் கற்றாள். காஞ்சிபுரத்தில் நேர்முகத்துக்குப் போனபோது, குரல் மணி மாதிரி இருக்கிறது என்று அங்கிருந்த அதிகாரியே சொன்னார். தை மாதம் பயிற்சி தொடங்குகிறது. அதற்குள் சேரவில்லையென்றால் அந்த இடம் அடுத்த பேருக்குப் போய்விடும். பிறகு வேதாசலத்தின் கழனியில் நாற்றுப் பிடுங்கத்தான் போகவேண்டும்.

காரணம் கேட்காமல் விடுவதில்லை என்று காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினாள். அந்த ஆபீசில் சுலோச்சனா என்று ஒரு கிளார்க் அம்மாள். நல்ல மனுஷி. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"போலீஸ் வெரிஃபிகேஷன்ல அடிபட்டுப் போச்சும்மா. ரிப்போர்ட் நல்லா இல்ல. இன்னா எழுதினாங்கன்னு என்னைக் கேக்காத, அது மேல இருக்கறவங்களோட போயிடும். ஆனா ஒண்ணு. இது சரியாகலன்னா, நீ எந்த கவர்ன்மெண்ட் வேலைக்குப் போனாலும் இதே ரிப்போர்ட்தான் முன்னாடி வந்து நிக்கும்."

எமர்ஜென்சி முடிந்து இரண்டாவது வருஷம் அது. போலீசைக் கேள்வி கேட்கலாம் என்று பேப்பரில் எழுதிக்கொண்டிருந்தார்கள். பேப்பரில் எழுதுகிறவர்கள் புங்கேரிப்பாக்கத்துக்கு உரிய போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்ததில்லை. அது எந்த ஸ்டேஷன் என்று இங்கே சொல்லப்போவதில்லை. அவர்கள் மறைத்ததில் கால்பங்குகூட இது ஆகாது.

ஸ்டேஷனில் எழுத்து வேலையெல்லாம் ரைட்டர் ஏட்டு பெருமாளுடையது. திருத்தணிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச மாதம்தான் ஆகியிருந்தது. கெட்டவர் இல்லை. காகிதத்தைத் தவிர வேறெதையும் நம்பாதவர், அவ்வளவுதான்.

"சார், என்னைப் பத்தி இன்னா எழுதி அனுப்பினீங்கன்னு தெரிஞ்சிக்கணும்."

"அது ரகசிய ஆவணம்மா."

"என்னைப் பத்தி எழுதினதுதானே சார்? நானே பாக்கக்கூடாதா?"

"உன்னைப் பத்தி எழுதினதாலதான் நீ பாக்கக்கூடாது," என்றார் பெருமாள். சொன்ன பிறகு அது சரியாகத்தான் இருக்கிறது என்று அவருக்கே ஒரு திருப்தி வந்த மாதிரி இருந்தது.

அங்கிருந்து நேரே உத்திரமேரூரில் வேதகிரி வக்கீலிடம் போனாள். மூக்குப்பொடி போடுகிற மனிதர். பொறுமையாகக் கேட்டார். பிறகு சட்டத்தை உடைத்துச் சொன்னார்.

"போலீஸ் விசாரிச்சு எழுதினது சர்க்கார் சொத்தும்மா. கொலைக் கேசுல நிக்கறவன்கூட கேஸ் டைரியக் குடுன்னு கேக்க முடியாது. கோர்ட்டே கேட்டாலும், இதை வெளிய காட்டினா பொது நன்மைக்குக் கெடுதின்னு ஒரு பெரிய அதிகாரி எழுதிக் குடுத்துட்டா போதும், ஜட்ஜ் மூடி வெச்சிடுவாரு."

"என்னைப் பத்தி எனக்குத் தெரிஞ்சா பொது நன்மைக்கு இன்னாங்க கெடுதி?"

"நல்ல கேள்வி. சட்டத்துல பதில் இல்ல."

பதில் இல்லை என்று சொன்னால் சும்மா இருந்துவிடுகிற பெண்ணா அவள்? பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. காகிதத்தைப் பூட்டி வைக்கலாம். ஆனால் அதில் எழுதினது எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். யாரையோ கேட்டுத்தான் எழுதியிருப்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இந்தப் பக்கத்தில் போலீஸ் விசாரணைக்கு ஒரு பழக்கம் உண்டு. காலனிக்காரனைப் பற்றி விசாரிக்க வந்தால் போலீஸ்காரர் காலனிக்குள் வரமாட்டார். பெரிய தெருவில் சைக்கிளை நிறுத்தி, அங்கே இருக்கிற முக்கியஸ்தரைக் கேட்டு, மோர் குடித்துவிட்டுப் போய்விடுவார். யாரைப் பற்றிய விசாரணையோ அவருக்கு ஒன்றும் தெரியாது. மோர் கொண்டுவந்து கொடுத்த ஆளுக்கு எல்லாம் தெரியும். மறுநாள் காலையிலேயே ஜெயம்மாளுக்கு விஷயம் கிடைத்துவிட்டது. புரட்டாசியில் ஒரு கான்ஸ்டபிள் வந்தார், வேதாசலத்தைக் கேட்டார்.

வேதாசலத்துக்கு ஏரிப்பாசனத்தில் நல்ல நிலம் கணிசமாக உண்டு. ஜெயம்மாள் போனபோது அவர் பம்ப்செட் கொட்டகை வாசலில் நின்று மோட்டார்க்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். அவரை ஜெயம்மாளின் அப்பா எல்லப்பன் 'ஆண்டே' என்பார். எல்லப்பனின் மகள் 'ஐயா' என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அது அவருக்குப் பிடிக்காது என்பது இவளுக்கும் தெரியும்.

"ஐயா, என்னைப் பத்தி போலீஸ்ல கேட்டாங்களாமே. நீங்க இன்னா சொன்னீங்க?"

"இன்னா சொல்வாங்க? நல்ல பொண்ணு, படிச்ச பொண்ணு, தலைகுனிஞ்சி போவும் தலைகுனிஞ்சி வரும்னேன்." அவர் நிஜமாகவே புண்பட்டவர் மாதிரி பேசினார். "நான் ஒனக்கு எதிரா சொல்வனா? ஒங்கப்பன் எங்க வூட்டு ஆளு."

"நைனாவப் பத்தி கேட்டாங்களா?"

"கேட்டான். எல்லப்பன் பேரு ஸ்டேஷன் ரிக்கார்டுல கீதான்னான். இல்லாம போவுமா, எத்தினியோ கேசுல கீது, தேடிப் பாருன்னேன். பொய்யா சொன்னேன்?"



பொய் இல்லை. புங்கேரிப்பாக்கத்து ஏரி சாதாரண ஏரியில்லை. நிரம்பினால் வருஷத்துக்கு ஒன்றிரண்டு உயிரை வாங்காமல் விடாது. வழுக்கி விழுந்தவர்கள், நீச்சல் தெரியாமல் இறங்கினவர்கள், தெரிந்தே இறங்கினவர்கள். யார் போனாலும் தேடி எடுப்பவர் எல்லப்பன்தான். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மதகுப் பள்ளம்வரை முங்கிப் போக அவரை விட்டால் ஆள் கிடையாது. மற்றவர்கள் தொடத் தயங்கும் உடம்பைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறுவார். அப்புறம் போலீஸ் வந்து பிரேத விசாரணை எழுதும். சாட்சியாகப் பஞ்சாயத்தார் கையெழுத்துப் போடவேண்டும். பெரிய தெருக்காரர்கள், கோர்ட்டுக்கு எவன் அலைவான் என்று நழுவிவிடுவார்கள். ஈரத் துணியோடு நிற்கிற எல்லப்பன் எங்கே நழுவுவார்? அவருடைய கைநாட்டுதான் முதலில் விழும். சந்தேக மரணம் என்று ஸ்டேஷனில் கிடக்கிற கட்டுகளில் எதைப் பிரித்தாலும் எல்லப்பன் பேர் இருக்கும்.

பழைய ரைட்டருக்கு எல்லப்பனைத் தெரியும், பீடிகூடக் கொடுப்பார். பெருமாளுக்குத் தெரியாது. ஊரில் விசாரித்தாயிற்று, ரிக்கார்டில் பேரும் இருக்கிறது. பெண்ணின் தகப்பன் பல மரண வழக்குகளில் சம்பந்தப்பட்டவன் என்று எழுத அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

"எதுக்கு அவுரு பேரு கீதுன்னு சொல்லலியா ஐயா?"

வேதாசலம் அவளை விநோதமாகப் பார்த்தார். "அத வேற தனியா சொல்லணுமா? ஊருக்கே தெரிஞ்ச சங்கதி. போலீசுக்குத் தெரியாதா?"

அவர் வஞ்சகமாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று யாராவது விளக்கிச் சொல்வார்களா? எல்லப்பன் பிணம் எடுப்பதும் அந்த ஊருக்கு அப்படித்தான்.

"நீங்க ஸ்டேஷனுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும் ஐயா."

"நானா? ஸ்டேஷன் வாசப்படியா? எங்க பரம்பரையில ஒருத்தன் மிதிச்சதில்ல ம்மே." மோட்டார்க்காரன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பரம்பரையாக மிதிக்காமலிருக்க இவர்களால் முடிந்தது. இவர்கள் வீட்டுப் பிணத்துக்கும் சேர்த்து எல்லப்பன்தானே மிதித்துக்கொண்டிருந்தார்?

ஜெயம்மாள் மறுபடியும் ஸ்டேஷனுக்குப் போனாள். பெருமாளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எங்கப்பா குற்றவாளி இல்லை, சாட்சி. பழைய கட்டைப் பிரித்துப் பாருங்கள், ரிப்போர்ட்டைத் திருத்தி அனுப்புங்கள் என்றாள். பெருமாள் பேனாவைக் கீழே வைத்தார்.

"ரிப்போர்ட்ல உங்கப்பனைப் பத்தி இருக்குன்னு யார் சொன்னது?"

"இருக்குதா இல்லியா சார்?"

"இருக்குன்னும் சொல்லமாட்டேன், இல்லன்னும் சொல்லமாட்டேன்."

"தப்பா இருந்தா திருத்தணும் இல்ல சார்?"

"தப்புன்னு சொல்லணும்னா என்ன எழுதியிருக்குன்னு உனக்குத் தெரியணும். அது உனக்குத் தெரியக்கூடாது. அப்புறம் எப்படி நீ தப்புன்னு சொல்லமுடியும்?"

பழைய கட்டுகளையாவது பார்க்கலாமா என்றாள். அதுவும் விசாரணை ரிக்கார்டாம், அதுவும் ரகசியமாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். இங்கே சாமி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே ரகசியம்.

அழுகையும் ஆத்திரமுமாக வீட்டுக்கு வந்தவளை அம்மா முனியம்மாள் தின்ன வைக்கப் பார்த்தாள். எல்லப்பன் மண்வெட்டிக்குக் காம்பு செருகிக்கொண்டே முழுவதையும் கேட்டார். தன் பேரால் மகள் வேலை போயிற்று என்று கேட்டபோது காம்பைக் கீழே வைத்தார்.  கடைசியில், "வுடு ஜெயா, பெரிய எடம்," என்றார்.

"வுடமாட்டேன் நைனா. நீ எந்தத் தப்பும் பண்ணல."

அவர் காம்பை எடுத்து மறுபடி செருகத் தொடங்கினார்.

ஐப்பசி மழை அந்த வருஷம் பேய்மாதிரி பெய்தது. ஏரி ததும்பியது. ஒருநாள் விடியற்காலை மதகில் அடைத்த செத்தையைத் தள்ளப் போன சடையப்பன் வழுக்கி உள்ளே போய்விட்டார். சடையப்பன் வேதாசலத்தின் ஒரே தம்பி. எப்போதும்போல் காலனிக்கு ஆள் ஓடிவந்தது. எல்லப்பன் கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மகள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவளும் போகாதே என்று சொல்லவில்லை. செத்தவர் மேல் அவளுக்கு என்ன கோபம்?

மதகுச் சுழலில் முங்கி முங்கித் தேடி, உச்சிப்பொழுதுக்குள் எடுத்துவிட்டார். கரையில் கிடத்தி, திறந்திருந்த கண்ணைக் கையால் மூடிவிட்டு ஒதுங்கி நின்றார். குளிரில் தாடை அடித்துக்கொண்டது. பெரிய தெரு முழுக்கக் கரையில் நின்று அழுதது. சடையப்பனின் அம்மா தாயாரம்மாள் மகன் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் தாமோதரன் ஜீப்பில் வந்தார். கூடவே பெருமாளும். பிரேத விசாரணை எழுதியாயிற்று. உடம்பு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், அறுத்துப் பார்த்துத் திரும்பி வரவேண்டும், இருட்டுவதற்குள் எரிக்கவேண்டும். மேற்கே மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது.

"முதல் பஞ்சாயத்தார். பேரு?" என்றார் பெருமாள் நிமிராமலே.

"எல்லப்பன்."

பெருமாளின் பேனா நின்றது. நிமிர்ந்து, சொட்டச்சொட்ட நிற்கிற மனிதரைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் நிற்கிற ஜெயம்மாளைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மைப்பெட்டியை நீட்டினார்.

எல்லப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வெக்கமாட்டேங்க."

"என்னய்யா?"

"பொணத்த எடுத்துக் குடுத்துட்டேன். அது மனுசன் செய்யவேண்டியது, இன்னும் செய்வேன். ரேகை வெக்கறது ஒங்க வேல. அத வெச்சிதான் எம் பொண்ணு பொழப்பு பூடுச்சி. இனிமே வெக்கமாட்டேன்."

வாழ்நாளில் ஒரு போலீஸ்காரர் முன்னால் அவர் அவ்வளவு நீளமாகப் பேசினதில்லை.  ஜெயம்மாள் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. தப்புப் பண்ணவில்லை என்று அவள் சொன்னதை அவர் இத்தனை நாளும் உள்ளே வைத்து அரைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பெருமாள் காலனி ஆட்கள் பக்கம் திரும்பினார். ஒருவரும் முன்னால் வரவில்லை. பெரிய தெருவில் நின்றவர்கள் எல்லாம் செத்தவருக்குப் பங்காளிகள். சொந்தக்காரனைப் பஞ்சாயத்தாராக வைக்கிற வழக்கம் இல்லை. தாமோதரனுக்குக் கோபம் வந்தது. என்ன விஷயம் என்று அதட்டினார். ஜெயம்மாள் முன்னால் வந்து சொன்னாள். சுருக்கமாக, நடுங்காமல், டெலிபோனில் பேசுகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

கூட்டத்தில் யாரோ கத்தினார். "பொணத்த நடுவுல போட்டுக்கினு பேரம் பேசறியா? நல்லாருப்பியா நீ?"

அது அவளைச் சுட்டது. தாயாரம்மாளைப் பார்த்தாள். விலகிவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் விலகினால் மறுபடி ஒரு கட்டில் அப்பன் பேர் ஏறும், அதையும் யாரும் காட்டமாட்டார்கள்.

"பேரம் இல்லீங்க. எடுக்கறதுக்கு முன்னால பேசினாதான் பேரம். எடுத்துக் குடுத்துட்டாரு."

கத்தினவர் அடங்கினார். தாமோதரன் குரலை இறக்கினார்.

"அது ரகசிய ரிப்போர்ட்டும்மா. நானே நினைச்சாலும் காட்டமுடியாது."

"காட்டவேணாம் சார். அது ஒங்ககிட்டயே இருக்கட்டும். அத எழுதறதுக்கு யார கேட்டீங்களோ அவுங்கள இங்க எல்லார் எதிர்லயும் இன்னொரு வாட்டி கேளுங்க. நான் நின்னு கேட்டுக்கறேன். அவ்ளோதான்."

அத்தனை கண்களும் வேதாசலத்தின் மேல் திரும்பின. அவர் தம்பியின் தலைமாட்டில் நின்றிருந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான்தாங்க சொன்னேன்," என்றார் கடைசியில். "எல்லப்பன் பேரு எத்தினியோ கேசுல கீதுன்னு. எதுக்கு கீதுன்னு சொல்லாம வுட்டுட்டேன். இந்த ஏரியில செத்தவங்கள எல்லாம் அவன்தான் எடுத்தான். எங்க சித்தப்பாவ எடுத்தான். இதோ எந்தம்பிய எடுத்தான். அவன் மேல ஒரு திருட்டு இல்ல, ஒரு வம்பு இல்ல. ஸ்டேஷன் வாசப்படி ஏறி இத சொல்ல எனக்கு கவுரவம் தடுத்துச்சி."

அப்போதும் 'அவன்' என்றுதான் சொன்னார். ஆனால் சொன்னார்.

பெண்கள் பக்கமிருந்து கனகா எழுந்து வந்தாள். பெரிய தெரு விதவை. அவளுடைய மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஏரியில் வழுக்கி விழுந்தாள் என்று ஊரில் பேச்சு. வழுக்கி விழுந்தாளா என்று யாரும் கேட்டதில்லை, கனகாவும் அதுபற்றி வாய் திறந்ததில்லை.

"எம் பொண்ண எடுத்தாந்தாரு," என்றாள். "துணியெல்லாம் வெலகிக் கெடந்துச்சி. இவுரு தன் வேட்டிய அவுத்து மூடி, கோமணத்தோட நின்னாரு. அத எழுதிக்க சார்."

அதற்கப்புறம் யாரும் யாரையும் அதட்டவில்லை. ஒவ்வொரு வீடாகச் சொன்னது. தாமோதரன் பெருமாளிடமிருந்து பேனாவை வாங்கி, ஜீப் பானெட்டின் மேல் காகிதத்தை வைத்துத் தானே எழுதினார். போலீஸ் காகிதம் என்றால் காத தூரம் ஓடுகிற வேதாசலம் முதல் கையெழுத்துப் போட்டார். கனகா கீழே கீறினாள். எழுதி முடித்ததும் தாமோதரன் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இதையும் உனக்குக் காட்டக்கூடாதும்மா."

"தெரியும் சார்," என்றாள் ஜெயம்மாள். "அதான் காதால கேட்டுக்கினேன்."

எல்லப்பன் மகளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் கட்டைவிரலை மையில் தேய்த்து வைத்தார். மழை பிடிப்பதற்குள் உடம்பு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டது.

மார்கழிக் கடைசியில் வேலை உத்தரவு வந்தது. அதிலும் காரணம் எதுவும் இல்லை. வேண்டாம் என்றதற்கும் காரணம் இல்லை, வா என்றதற்கும் இல்லை. முனியம்மாள் கோயிலுக்குப் பொங்கல் வைத்தாள். பயிற்சிக்குக் கிளம்புகிற அன்று ஜெயம்மாள் உத்திரமேரூர் தபாலாபீசில் இறங்கி, போலீஸ் மேலதிகாரி பேருக்கு ஒரு மனுவை ரிஜிஸ்தர் செய்தாள். முதலில் எழுதின ரிப்போர்ட்டைப் பார்க்க அனுமதிக்கவேண்டும், தவறானதை நீக்கவேண்டும் என்று கேட்டிருந்தாள். வழியனுப்ப வந்த முனியம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வேலதான் கெடச்சிச்சே! இன்னும் இன்னாத்துக்குடி அவுங்ககூட மல்லுக்கு நிக்கற?"

"ரெண்டாவது ரிப்போர்ட் எழுதினாங்களே ஒழிய, மொதல்ல எழுதினத கிழிச்சிப் போடலம்மா. எனக்குத்தான் வேல கெடச்சிச்சி. நைனா அங்க இன்னும் கொலகாரனாத்தான் கீறாரு."

இயலாது என்று பதில் வந்தது. அவள் அடுத்த மனுவை எழுதினாள்.